எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் பெருத்திருந்தால் இதய நோய் வர வாய்ப்புண்டா?

உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ, பி.எம்.ஐ. எனும் உடல் நிறை குறியீட்டெண் 22.5, தொப்பை மட்டும் இருக்கிறது, கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வயிற்றை அளந்து பாருங்கள் என்பதே என் பதில்.

என் அண்ணனின் உயரம் 168, எடை 64 கிலோ. ஆண்டுதோறும் நடந்த அலுவலகப் பரிசோதனையில் எடை சரி என்றே எழுதிக் கொடுத்தார்கள். ஒருவரும் அவர் வயிற்றைச் சுற்றி டேப்பை வைத்துப் பார்க்கவில்லை. 46 வயதில் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து அவர் வீடு திரும்பிய பிறகு, அண்ணியின் தையல் மெஷின் டிராயரில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து நான் அளந்தேன், 96 செ.மீ. இருந்தது. அவர் அணிந்து வந்ததோ 34 அங்குல பேன்ட். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்கு பேன்ட்டின் அளவு வயிற்றின் அளவாகாது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. வயிறு ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், எங்கள் அப்பாவுக்கும் இதய நோய் இருந்தது. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய ஓர் அறிகுறியைத் தவறவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த கணக்கு. அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதைக் காட்டினார்கள்: இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. அதனால் இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுகிறது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது, இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. இவை மூன்றுமே இதய நோய்க்கு வழிவகுப்பவை. 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும், மாரடைப்போடு பி.எம்.ஐ.யை விட வயிறு–இடுப்புச் சுற்றளவு விகிதமே நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

அளக்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் பார்க்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. என் அண்ணன் தன்னையறியாமல் எக்கியதால் முதல் முறை 91 என்று வந்தது. இந்தியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 செ.மீ. என்பது எல்லை, அமெரிக்காவில் சொல்லப்படும் 102-ஐயும் 88-ஐயும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிற்றின் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னும் எளிய கணக்கு, அதன்படி உங்களுக்கு 85.

நாளைக் காலை சாப்பிடுவதற்கு முன் இரண்டு முறை அளந்து பாருங்கள். 85-ஐத் தாண்டினால், பி.எம்.ஐ. என்ன சொன்னாலும், இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை மூன்றையும் செய்துகொண்டு, வீட்டில் யாருக்கேனும் இதய நோய் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.