பம்பருக்கு 9,200, எதிர் வண்டிக்கு 18,400: கிளெய்ம் போடலாமா?

கேள்வி: ஆர்.எஸ்.புரத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது, நிறுத்தியிருந்த ஒரு காரின் பின்கதவில் என் பின்பம்பர் இடித்துவிட்டது. உரிமையாளர் அங்கே இல்லை. அரை மணி நேரம் காத்திருந்து, பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைப்பரில் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் அவர் 18,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் அனுப்பினார். என் பம்பரை மாற்ற 9,200 ஆகுமாம். "ரெண்டையும் இன்ஷூரன்ஸில் போட்டுவிடு, அதற்குத்தானே வருஷா வருஷம் கட்டுகிறோம்" என்கிறார் கணவர். ஆறு வயது வண்டி, 1,200 சிசி, 50% நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது. பாலிசி நகல், எஸ்டிமேட், போட்டோக்கள் இணைத்துள்ளேன். - ஒரு வாசகி, கோவை

பதில்: சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தீர்களே, அதற்கு முதலில் ஒரு வணக்கம். கல்யாண மண்டப வாசலில் என் வண்டியை இப்படி யாரோ தேய்த்துவிட்டுப் போனார்கள். வைப்பரில் பந்தி டோக்கன்கூட இல்லை.

உங்கள் கணவர் ஒரே இன்ஷூரன்ஸ் என்று நினைப்பது உண்மையில் இரண்டு. உங்கள் பம்பருக்குப் பணம் தருவது ஓன் டேமேஜ் பகுதி, அடுத்தவர் கதவுக்குத் தருவது தேர்டு பார்ட்டி பகுதி. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பம்பரை எடுத்துக்கொள்வோம். 9,200-ல் பம்பர் 4,600, பெயிண்டிங் 3,600, கூலி 1,000. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50% என்பதால் 2,300 போய்விடும். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 450. கடைசியில் கட்டாயப் பிடித்தம் 1,000 (1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு). தேய்மானம் கழிக்காமல் தரும் 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் பாதுகாப்பு (ஆட்-ஆன்) உங்கள் பாலிசியில் இல்லை. ஆக, கைக்கு வருவது 5,450.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அடுத்த ரினீவலில்தான் தெரியும். கிளெய்ம் போட்டால், போடாததற்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைத்துவந்த 50% தள்ளுபடி, அதாவது அந்த போனஸ், பூஜ்யமாகும். பிறகு கிளெய்மே இல்லாமல் ஓட்டினாலும் 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறித்தான் மறுபடி 50-ஐத் தொட முடியும். ஒவ்வொரு ரினீவலிலும் இழப்பது 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் 125. அதாவது போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. உங்கள் பாலிசியில் அது 8,800. ஒன்றேகால் மடங்கு 11,000, 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 12,980. வண்டி மதிப்பு வருஷா வருஷம் இறங்குவதால் பிரீமியமும் கொஞ்சம் இறங்கலாம். அப்படியும் முதல் ரினீவலிலேயே 4,400-ம் அதற்கான வரியுமாக 5,192 போய்விடுகிறது. வாங்கிய 5,450 அந்த ஒரு வருடத்திலேயே கிட்டத்தட்ட காலி.

எனவே பம்பருக்குக் கிளெய்ம் வேண்டாம். மாற்றத்தான் வேண்டுமா என்றும் வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். கிளிப், லாக் உடையாமல் இருந்தால் பல சமயம் பெயிண்டிங்கோடு முடிந்துவிடும். (பாலிசியில் நோ கிளெய்ம் போனஸைக் காக்கும் 'என்.சி.பி. புரொடெக்‌ஷன்' ஆட்-ஆன் இருந்தால் கணக்கே மாறும். நீங்கள் அனுப்பிய நகலில் இல்லை.)

இனி அவருடைய கதவு. தனியார் காரின் தேர்டு பார்ட்டி பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. அதில் பணம் போனாலும் உங்கள் போனஸ் குறையாது. ஆனால் போன் செய்தால் வந்துவிடும் பணமல்ல. அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். 18,400-க்காக யாரும் அந்தப் படி ஏற மாட்டார்கள். நேரில் பேசித் தீர்ப்பதுதான் இருவருக்கும் லாபம்.

ஆனால் 18,400 அல்ல. எஸ்டிமேட்டைப் பிரித்துப் பாருங்கள்: பின்கதவு டிங்கரிங், பெயிண்டிங் 6,200, குவாட்டர் பேனல் (பின்சக்கரத்தை ஒட்டிய பக்கத் தகடு) 5,900, பின்பம்பர் 4,200, முழு வண்டிக்கு ரப்பிங், பாலிஷ் 2,100. உங்கள் போட்டோவில் கதவின் கீழ்ப்பாதியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டென்ட், அதன்மேல் உங்கள் வண்டியின் வெள்ளைப் பெயிண்ட் கோடாக ஒட்டியிருக்கிறது. அவருடைய பம்பர் கீறலைப் பெரிதாக்கிப் பாருங்கள், உள்ளே அழுக்கு படிந்து கறுத்திருக்கிறது. நேற்று விழுந்த கீறல் அப்படி இருக்காது. கதவுக்கான 6,200-ஐத் தாராளமாகக் கொடுங்கள். மற்றதற்கு இந்தப் போட்டோக்களைக் காட்டி மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

பணத்தை அவர் கையில் தராமல், வேலை முடிந்ததும் பில்லைப் பார்த்து ஒர்க்‌ஷாப்புக்கே நேரடியாகக் கட்டுங்கள். உங்களிடமும் வாங்கிக்கொண்டு தன் இன்ஷூரன்ஸிலும் வாங்குபவர்கள் உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வண்டி எண்கள், தேதி, இடம், தொகை, "இத்துடன் வேறு பாக்கி எதுவும் இல்லை" என்ற வரி, அவர் கையெழுத்து. அதே தாளில் "தவறு முழுவதும் என்னுடையது" என்று எழுதித் தராதீர்கள். கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதும் பணம் தர வாக்குக் கொடுப்பதும் பாலிசி நிபந்தனைக்கு எதிரானது. பின்னால் விவகாரம் பெரிதாகி இன்ஷூரன்ஸைத் தேடிப் போனால் உதைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134-ன்படி அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். சமாதானமாகப் போகிற டென்ட்டுக்கு நடைமுறையில் பலரும் போவதில்லை. உங்கள் விஷயத்தில் நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் அவர் குரல் உயர்ந்தால் தயங்காமல் போய் நடந்ததைச் சொல்லி, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் "தேதியை மாத்திப் போட்டு, பழைய கீறலையும் சேர்த்து ஒரே கிளெய்மா முடிச்சிடலாம் மேடம்" என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள். கதவு வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு ஜீபேயில் 6,200 அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் எதிர் வண்டியின் எண்ணையும் 'பின்கதவு டிங்கரிங்' என்பதையும் மறக்காமல் போடுங்கள்.