படம் கீறவே தெரியாத ஆள் எங்கயிருந்து தொடங்குறது?

கேள்வி: வணக்கம் சேர், நான் கிளிநொச்சிப் பக்கம், வயசு 34. பள்ளிக்கூடத்தில சங்கீதம் எடுத்தபடியா சித்திரம் படிக்கேல்ல. இப்ப மகள் ஆறாம் ஆண்டில சித்திரம் எடுக்கிறா, அவவோட இருந்து நானும் கீறிப் பாக்கிறன், பனை கீறினா தும்புத்தடி மாதிரி வருது. என்ன சாமான் வாங்கவேணும், போன்ல படம் பாத்துக் கீறலாமோ, மகளின்ர முகத்தைக் கீற எவ்வளவு காலம் செல்லும்?

பதில்: தங்கச்சி, சாமானை முதல்ல முடிப்பம், அதில கதைக்கக் கனக்க இல்லை. பெரிய பென்சில் செற் ஒண்டும் வாங்காதேங்கோ. ஒரு எச்பி, ஒரு 2பி, ஒரு 4பி காணும். பென்சில் கூருக்குள்ள இருக்கிறது காரீயமும் (கிராபைற்) களியும் கலந்த கலவை, களி கூடினா கோடு வெளிறிப்போய் வரும், காரீயம் கூடினா மெதுவா நல்ல கறுப்பா வரும், பி நம்பர் ஏற ஏற கறுப்பும் ஏறும், அவ்வளவுதான். தாளுக்கு போட்டோகொப்பி அடிக்கிற ஏ4 போதும், விலை கூடின கொப்பி வாங்கினா பழுதாப்போயிடும் எண்டு பயந்து பயந்துதான் கீறுவியள். அழிறப்பர் முதல் மாசம் மகளின்ர கொம்பாஸ் பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும். பிழையான கோட்டை அழிக்காம அதுக்குப் பக்கத்தில சரியான கோட்டைப் போடுங்கோ, பிழையும் கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் எவ்வளவு விலகினதெண்டு விளங்கும்.

இனி உங்கட பனை. கையில ஒரு பிழையும் இல்லை, நீங்கள் மரத்தைப் பாக்காம மனசுக்குள்ள கிடக்கிற பனையைக் கீறியிருக்கிறியள். ஒரு தடி, மேல சுத்திவர ஓலை. வளவில நிக்கிற பனையை வடிவாப் பாருங்கோ, பக்கவாட்டில போற ஓலை மட்டும்தான் விசிறி மாதிரி விரிஞ்சு தெரியும், உங்களைப் பாத்து நீட்டிக்கொண்டு நிக்கிற ஓலை ஒடுங்கி ஒரு பட்டையாத்தான் தெரியும், கீழ காவோலை தொங்கும், ஓலைக்கு ஓலை நடுவில வானம் துண்டு துண்டா வெட்டுப்படும். அந்த வானத்துண்டுகளின்ர வடிவத்தைக் கீறினா ஓலை தன்ர பாட்டில வந்திடும். அது கஷ்டமாத் தெரிஞ்சா சுவரில சாத்தின சைக்கிளை எடுங்கோ, கம்பியளை விட்டிட்டு கம்பியளுக்கு நடுவில இருக்கிற வெளியளை மட்டும் கீறுங்கோ, நான் பிள்ளையளுக்கு எப்பவும் குடுக்கிற வேலை அதுதான்.

ஆனா பனைக்கும் சைக்கிளுக்கும் முன்னம் ஒரு வெறும் பால்மாப் பேணி போதும், அதைச் சுத்தி வெள்ளைத்தாள் ஒட்டிப்போட்டு யன்னலோரம் மேசையில வையுங்கோ. முதல் வேலை அளக்கிறது: கையை முழங்கை மடங்காம நேரா நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைப் பேணியின்ர மேல் விளிம்பிலயும் பெருவிரல் நகத்தைக் கீழ் விளிம்பிலயும் பிடிச்சு, அந்த அளவோட பென்சிலைப் படுக்கத் திருப்பி அகலம் எத்தினை பங்கு எண்டு பாருங்கோ. முழங்கை மடங்கினா அளவெல்லாம் மாறிப்போம். பிறகு வாயைப் பாருங்கோ, அது வட்டம் எண்டு எங்களுக்குத் தெரியும், ஆனா இருந்து பாக்கேக்க தெரியிறது சப்பையான நீள்வட்டம், ரெண்டு முனையிலயும் கூர் இருக்காது, வளைஞ்சுதான் திரும்பும், புதுசாக் கீறுற ஆக்கள் எல்லாரும் அதில கூர் வைப்பினம். அடி விளிம்பு இன்னும் மோசம், பேணி மேசையில சமனா இருக்குது எண்டுபோட்டு அதை நேர்கோடாக் கீறுவினம், ஆனா கண்மட்டத்துக்குக் கீழ போகப் போக வளைவு கூடும், அதால அடி வளைவு வாய் வளைவை விடக் கூடவே இருக்கவேணும். ஒருக்காப் பேணியைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கோ, வாய் ஒரே ஒரு கோடாப் போயிடும்.

நிழல் அடிக்கேக்க ரூம் லைற்றை நூத்துப்போட்டு யன்னல் வெளிச்சத்தை மட்டும் வையுங்கோ, கண்ணைப் பாதி மூடிப் பாத்தா வெளிச்சம் எது, இருட்டு எது எண்டு பிரிஞ்சு தெரியும். கடும் இருட்டு விளிம்பில இல்லை, விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளுக்கத்தான், ஏனெண்டா மேசையிலயும் சுவரிலயும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் விளிம்பை லேசா வெளுப்பாக்கும். விரலால தேய்ச்சு மினுக்கிற பழக்கம் வேண்டாம், பாக்க வடிவா இருக்கும், ஒண்டும் பழகமாட்டியள்.

தூரம் கிட்ட பிடிபடவேணுமெண்டா முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகேக்க ஒண்டு செய்து பாருங்கோ. எழும்பி நிண்டு பாத்தா கடலும் வானமும் முட்டுற கோடு எப்பவும் உங்கட கண்மட்டத்திலதான் நிக்கும், சமனான மணலில உங்கட உயரமான ஆக்கள் கிட்ட நிண்டாலும் தூர நிண்டாலும் அவையின்ர கண்ணையும் அந்தக் கோடுதான் வெட்டும். அப்பிடியே குந்தி இருங்கோ, கோடும் உங்களோட கீழ இறங்கி நிக்கிற ஆக்களின்ர இடுப்புக்கு வந்திடும். பரந்தனில இருந்து ஆனையிறவுப் பக்கம் போற ஏ9 றோட்டின்ர ரெண்டு கரையும், போஸ்ற் நிரையும் ஒடுங்கி ஒடுங்கிப் போய் முட்டுறதும் அந்தக் கோட்டிலதான்.

போன்ல பாத்துக் கீறுறது பாவமில்லை, ஆனா இப்பவே வேண்டாம். உருண்டையைத் தட்டையாக்குற வேலையை கமரா செய்து முடிச்சிட்டுது, நீங்கள் பழகவேண்டியதே அந்த வேலையைத்தான். கட்டம் போட்டுப் பெருப்பிக்கிறதும் அப்பிடித்தான், பானர் கீறுற ஆக்களுக்கு உதவும், பழகுற ஆளுக்குக் கண் திறக்காது. கட்டாயம் படம்தான் வேணுமெண்டா தலைகீழாத் திருப்பி வைச்சுக் கீறுங்கோ, அப்ப மூக்கு வாய் எண்டு யோசிக்காம கோட்டை மட்டும் பாப்பியள்.

மகளின்ர முகத்துக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிசம் விடாமக் கீறினா மூண்டு நாலு மாசத்தில முகமெண்டு சொல்லக்கூடியதா வரும், அவதான் எண்டு சொல்ல இன்னும் செல்லும். எல்லாரும் விடுற பிழை கண்ணை நெத்திக்கு ஏத்தி வைக்கிறது. வளந்த ஆளுக்கு உச்சியில இருந்து நாடி வரைக்கும் சரி பாதியிலதான் கண் வரும், சின்னப் பிள்ளையளுக்கு அதுக்கும் கீழ, உங்கட மகளின்ர வயசுக்குப் பாதியை ஒட்டி வரும். ரெண்டு கண்ணுக்கும் நடுவில ஒரு கண் அளவு இடம், காது புருவத்தில இருந்து மூக்கின்ர அடி வரைக்கும். ரிவி பாக்கேக்க இருத்திவைச்சுக் கீறுங்கோ, கார்ட்டூன் ஓடினா அசையமாட்டா, விளம்பரம் வந்தா எழும்பிடுவா, அதால முதல்ல தலையின்ர மொத்த வடிவத்தையும் கண் கோட்டையும் போட்டிட்டு மிச்சத்துக்குப் போங்கோ.