இயற்கைப் பொருளால் ஆன காலணி பாதத்துக்கும் நல்லதா?

கேள்வி: சுற்றுச்சூழலுக்குக் கேடு தராத பொருள்களால் செய்த காலணிகளை மட்டும் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கார்க், இயற்கை ரப்பர், தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், சணல், பருத்தி ஆகியவற்றால் ஆனவையே எங்கள் சரக்கு. குதிகால் வலியோடு வருகிறவர்கள், “இதைப் போட்டால் வலி போய்விடுமா?” என்று கேட்கிறார்கள். அண்மையில் ஒரு பெண்மணி, எங்கள் செருப்பை அணிந்த பிறகு பாதத்தில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் வந்ததாகச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இயற்கைப் பொருளாலும் ஒவ்வாமை வருமா? சர்க்கரை நோயாளிகளுக்கு இவற்றைத் தயங்காமல் விற்கலாமா? “உடல் நலத்துக்கு உகந்த காலணிகள்” என்று கடையில் எழுதி வைப்பது சரியா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி எழுதி வைக்க வேண்டாம். ஒரு காலணி மண்ணுக்கு நல்லதா என்பது, அது எதனால் ஆனது, எத்தனை காலம் உழைக்கும், பழுது பார்க்க முடியுமா, கழித்த பிறகு என்ன ஆகும் என்பவற்றைப் பொறுத்தது. அது பாதத்துக்கு நல்லதா என்பதோ அதன் வடிவம், அளவு, வளையும் இடம், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் விதம் ஆகியவற்றைப் பொறுத்தது. இரண்டு நன்மைகளும் ஒரே காலணியில் அமையலாம். ஆனால் ஒன்று இருப்பதாலேயே மற்றதும் இருக்கும் என்று கருத இடமில்லை. சணல் கயிற்றைத் தட்டையாகப் பின்னிச் செய்த அடியுள்ள செருப்பு மண்ணுக்குச் சுமையாகாமல் மக்கக்கூடும். எனினும், நாள் முழுவதும் கடினமான தரையில் நின்று வேலை செய்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குதிகால் வலி என்று உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலி குத்துவதாகவும், நடக்க நடக்க அது குறைவதாகவும், நெடுநேரம் நின்றால் மீண்டும் தொடங்குவதாகவும் சொல்வார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை செல்லும் பிளான்டார் ஃபேசியா என்னும் தடித்த நார்ப்பட்டை, எலும்போடு இணையும் இடத்தில் மீண்டும் மீண்டும் இழுபட்டு நைந்துபோவதால் வருவது இது. உடல் எடை கூடுதலாக இருப்பதும், கெண்டைக்கால் தசை இறுகியிருப்பதும், வேலை காரணமாக மணிக்கணக்கில் நிற்பதும் இதற்கு வழிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் அத்தகைய முள் வலியே இல்லாத பலரிடமும் காணப்படுகிறது. கெண்டைக்காலையும் பாதத்தின் அடியையும் நாள்தோறும் நீட்டும் பயிற்சிகளோடு பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சையின்றியே ஓராண்டுக்குள் இது தணிந்துவிடும். அந்தக் காலத்தில் நார்ப்பட்டையின் மீது விழும் பளுவைக் குறைப்பதுதான் காலணியின் பங்கு. எனவே, “வலியைக் குறைக்க உதவக்கூடும், ஆனால் இது மருந்தன்று” என்று நீங்கள் சொல்வது பொய்யுமாகாது, விற்பனையையும் கெடுக்காது.

அவர்களுக்கு எந்தக் காலணியை எடுத்துக் காட்டுவது என்பதைக் கையாலேயே சோதித்து அறியலாம். காலணியின் முனையையும் குதியையும் பிடித்து மடக்கினால், அது விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும்; நடுவில் மடிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கும்போது எளிதில் முறுக்கிக்கொண்டால், அதுவும் பாதத்தைத் தாங்காது. பின்புறம் மூடிய காலணியானால், குதியைச் சுற்றிய பகுதி விரலால் அழுத்தியவுடன் குழிந்துபோகாத அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும். குதிப்பகுதி முன்பகுதியைவிடச் சற்றே உயர்ந்திருப்பது இவர்களுக்கு நல்லது. கடைக்குள் நான்கு அடி நடந்து பார்க்கும்போது மெத்தென்று இருப்பதை வாடிக்கையாளர்கள் பெரிதும் விரும்புவார்கள். ஆனால், மிக மென்மையான அடி மாலைக்குள் உடல் எடையில் அமுங்கிவிடும். கார்க் இதற்கு நேர்மாறானது. புதிதாக இருக்கும்போது அதன் வளைவு உறுத்தலாகத் தோன்றும். சில வாரங்களில் அணிபவரின் பாதத்துக்கேற்பப் படிந்துவிடும். முதல் நாள்களில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பழகும்படி சொல்லி விற்றால் உங்களிடம் திரும்பி வரும் காலணிகள் குறையும்.

வெறுங்காலில் நடப்பதைப் போன்ற உணர்வைத் தரும் மெல்லிய தட்டை அடிகளுக்கு இப்போது ஆர்வலர்கள் மிகுந்திருக்கிறார்கள். அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் ஏற்கெனவே குதிகால் வலி உள்ளவர் திடீரென அவற்றுக்கு மாறினால், கெண்டைக்காலும் அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் வலி எடுக்கும். முன்பாத எலும்புகளில் நுண்ணிய முறிவுகூட ஏற்படலாம். இரவில் ஓய்விலும் விடாத வலி, வீக்கம், மரத்துப்போதல், காய்ச்சல், அடிபட்ட பின் தொடங்கிய வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் காலணி விற்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் அளப்பது சிறந்தது. வாடிக்கையாளரை நிற்கவைத்து இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கேற்ப அளவைத் தேர்ந்தெடுங்கள்.

இனி ஒவ்வாமை. உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்காத செய்தி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரப்பர் மரத்திலிருந்து வடிந்த பால் அப்படியே செருப்பின் அடியாகிவிடுவதில்லை. அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்த வேண்டும். அந்த வினையை விரைவுபடுத்த மெர்காப்டோபென்சோதயசோல், தையூரம் போன்ற வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காலணியால் வரும் தோல் ஒவ்வாமைக்கு இவை முதன்மையான காரணங்களுள் அடங்கும். ரப்பர் இயற்கையானது என்பதால் இவை அதில் இல்லாமல் போய்விடாது. அடியையும் மேற்பகுதியையும் ஒட்டும் பசையில் உள்ள சில பிசின்களும் இவ்வாறே செய்யும். விலங்குத் தோலுக்கு மாற்றாகத் தாவரத் தோல் என்று விற்கப்படுவனவற்றுள் பல, நார்த்துணியின் மேல் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் பூசியவையே.

தோலைப் பொறுத்தவரை உங்கள் சரக்குக்கு ஓர் உண்மையான நன்மை உண்டு. உலகில் பெரும்பாலான தோல் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. அதன் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறினால் கடுமையான ஒவ்வாமையைத் தூண்டும். இதனால்தான் 2015 முதல், உடலின் மீது படும் தோல்பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. ஆயினும், மேற்பகுதி மட்டும் அவ்வாறு பதனிடப்பட்டு, உட்புற அட்டையும் விளிம்பும் குரோமியத் தோலாக இருக்கும் காலணிகளும் உண்டு. வாங்கும் இடத்தில் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பூஞ்சை பிடிக்காதிருக்கப் பெட்டிக்குள் வைக்கப்படும் சிறு பொட்டலங்களிலும் கவனம் வேண்டும். அவற்றில் பயன்பட்ட டைமெத்தில் ஃபியூமரேட் கடும் தோலழற்சியை உண்டாக்கியதால், அது கலந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தடை செய்தது.

அந்தப் பெண்மணிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்காமல் என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. அரிப்பு இருக்கும் இடம் ஓரளவு வழிகாட்டும். விரல்களின் மேற்புறமும் புறங்காலும் சிவந்திருந்தால் மேற்பகுதியின் மீதும், உள்ளங்காலில் தரையில் அழுந்தும் இடங்களில் இருந்தால் உள்ளடியின் மீதும் ஐயம் எழும். விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து உரிந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. காலணி ஒவ்வாமை பொதுவாக இடுக்குகளை விட்டுவிடும். வியர்வை இவ்வேதிப்பொருள்களைக் கரைத்துத் தோலில் சேர்ப்பதால், வெப்ப காலத்தில் தொல்லை கூடும். திருப்பி வாங்கிய அந்தச் செருப்பை எறிந்துவிடாதீர்கள். அவரிடமே கொடுத்து, தோல்நோய் மருத்துவரிடம் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டிவைத்து 48 மணி நேரம் கழித்தும், பின்னர் இன்னொரு முறையும் பார்க்கும் பேட்ச் டெஸ்டில், அந்தச் செருப்பிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளையும் வைத்துச் சோதிக்கலாம். அதோடு, ஒவ்வொரு மாதிரிக்கும் அடி, உள்ளடி, பசை, பதனிட்ட முறை ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளைக் கடையில் வைத்திருந்தால், அது எந்த விளம்பரப் பலகையையும்விட வாடிக்கையாளருக்குப் பயன்படும்.

சர்க்கரை நோயாளிகளிடம் தயக்கம் இருப்பதே நல்லது. பல ஆண்டுகளாக நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். காலணி கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இன்னும் சொன்னால், இறுக்கமாக இருந்தால்தான் காலில் ஏதோ இருப்பதாகத் தெரியும் என்பதால், சிறிய அளவையே விரும்பிக் கேட்பார்கள். “வசதியாக இருக்கிறது” என்ற அவர்களுடைய சொல்லை மட்டும் நம்பி விற்கக் கூடாது. காலணியின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாகவும், அகலம் முன்பாதத்தை நெருக்காமலும், உள்ளே புடைத்த தையல் இல்லாமலும் இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் குமிழ் நுழையும் செருப்பு எத்தனை நல்ல பொருளால் ஆனதாயினும் இவர்களுக்கு வேண்டாம். விற்பதற்கு முன், கால் மரத்துப்போகிறதா, முன்பு புண் வந்ததுண்டா, விரல்கள் வளைந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவருக்கு வேண்டியது மருத்துவர் அளவெடுத்துப் பரிந்துரைக்கும் காலணி. கடையில் கிடைப்பதைக் கொண்டு ஈடுசெய்ய முயல வேண்டாம்.

மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும்போது, வீட்டுக்குள் அரை மணி நேரம் அணிந்து கழற்றிப் பாதத்தைப் பார்க்கவும், எங்கேனும் சிவந்திருந்தால் காலணியைத் திருப்பிக் கொடுக்கவும் வசதி செய்து கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் சொல்லுங்கள். கொப்புளமோ தோல் கிழிந்த இடமோ தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.