மருந்து நுண்கோளங்கள் உடலுக்குள் எப்படிச் சிதைகின்றன?

கேள்வி: மாதம் ஒருமுறை போடும் ஊசியிலுள்ள பாலிமர் கோளங்கள் உடலிலேயே தங்கிவிடாதா?

தங்கிவிடாது. லியூப்ரோலைடு (சில ஹார்மோன்களின் சுரப்பை அடக்கும் மருந்து) போன்றவற்றைச் சுமக்கும் கோளங்கள் பல, லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்த பி.எல்.ஜி.ஏ. என்னும் பாலிமரால் ஆனவை. நீர் பட்டு இச்சங்கிலியின் எஸ்டர் பிணைப்புகள் அறுந்தபின் கிடைக்கும் லாக்டிக் அமிலம், நாம் வேகமாக ஓடும்போது தசையில் உண்டாகும் அதே பொருள்தான். உடல் அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது.

கேள்வி: சோப்புக் கட்டியைப் போல மேற்பரப்பிலிருந்து கரைந்துகொண்டே வருமா?

இல்லை. பிணைப்புகள் அறுபடும் வேகத்தைவிட நீர் உட்புகும் வேகம் அதிகம் என்பதால், கோளம் முழுவதும் ஒரே காலத்தில் நலிகிறது. ஆனாலும் துண்டுகள் நீரில் கரையுமளவு சிறிதாகும் வரை எடை பெரிதாகக் குறைவதில்லை. இதில் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுண்டு: ஒவ்வோர் அறுப்பிலும் பிறக்கும் அமிலமுனை அடுத்த அறுப்பை விரைவுபடுத்தும். விளிம்பில் உண்டாகும் அமிலம் வெளியே கசிந்துவிட, நடுவிலிருப்பது தேங்கி நிற்பதால், பெரிய கோளத்தின் உட்பகுதி அதன் ஓரத்தைவிட, சில வேளைகளில் சிறிய கோளத்தைவிடவும், முன்னதாகவே சிதைந்துவிடும். சோப்பைப் போல மேலிருந்து தேய்பவை பாலிஅன்ஹைட்ரைடுகள் என்னும் வேறு வகைப் பாலிமர்கள். மூளைக் கட்டியை அகற்றிய இடத்தில் வைக்க 1996இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட, கார்மஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் வில்லை அந்த வகையைச் சேர்ந்தது.

கேள்வி: ஒரே பாலிமர் சிலவற்றில் ஒரு மாதமும் சிலவற்றில் பல மாதங்களும் நீடிப்பது ஏன்?

முதன்மைக் காரணம் கலப்பு விகிதம். லாக்டிக், கிளைகாலிக் இரண்டும் சம அளவானால் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மாதங்களில் சிதையும். லாக்டிக் பங்கு 85 விழுக்காடானால் ஐந்தாறு மாதங்கள் ஆகும், ஏனெனில் லாக்டிக் அலகிலுள்ள மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கிளை) நீரை எளிதில் அண்டவிடாது. சங்கிலியின் நீளத்துக்கும் இதில் பங்குண்டு.

கேள்வி: என் தம்பிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிஸ்பெரிடோன் (மனச்சிதைவு போன்ற மனநோய்களுக்கான மருந்து) நுண்கோள ஊசி தொடங்கியிருக்கிறார்கள். ஊசி போட்டும் மூன்று வாரம் மாத்திரை எதற்கு?

மேற்பரப்பில் ஒட்டியுள்ள மருந்து மட்டுமே முதலில் வெளிவருகிறது. அது மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பாலிமர் போதிய அளவு சிதைந்து, மூன்றாம் வாரத்திலிருந்துதான் முதன்மையான வெளியீடு தொடங்குகிறது. அந்த இடைவெளியில் தம்பியைக் காப்பது மாத்திரை மட்டுமே என்பதால், தயவுசெய்து ஒரு நாளும் அதை விடவேண்டாம். இதே மருந்தின் வேறு சில நீடித்த ஊசிகளுக்கு இந்த இடைவெளி இல்லை. ஆகவே பிறருடைய அனுபவத்தை வைத்து முடிவு செய்யாமல், மருத்துவர் குறித்த நாள்வரை மாத்திரையைத் தொடருங்கள்.