பைக் கண்ணாடியைக் கொத்தும் குருவி

அன்புள்ள ஐயா,

பங்குனி பிறந்ததிலிருந்து எங்கள் கொல்லையில் ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி விடியும் முன்பே பாட ஆரம்பித்துவிடுகிறது. கேட்க அவ்வளவு இனிமை. ஆனால் வெயில் ஏறியதும் என் பைக் கண்ணாடியில் உட்கார்ந்து கொத்துகிறது. பசியாக இருக்கும் என்று அத்தை தினமும் அரிசி வைக்கிறார், அது தொடுவதே இல்லை. அதற்கு என்னதான் வேண்டும்?

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

அது குண்டுகரிச்சான். வண்ணாத்திக்குருவி என்றும் சொல்வார்கள். பளபளக்கும் கறுப்பு என்றால் ஆண். பெண்ணுக்கு அந்தக் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் சாம்பல் நிறம். அத்தையிடம் சொல்லுங்கள், அதற்குப் பசி இல்லை. புழு பூச்சி தின்னும் குருவி அது, அரிசியை ஏறெடுத்தும் பார்க்காது.

விடியற்காலைப் பாட்டும் கண்ணாடியைக் கொத்துவதும் ஒரே வேலைதான். இது கூடு கட்டும் பருவம். பாட்டு பெண்ணை அழைக்கிறது, மற்ற ஆண்களிடம் ‘இது என் இடம், வராதே’ என்றும் சொல்லிவிடுகிறது. கேட்ட ஆண்கள் பெரும்பாலும் விலகிப் போய்விடும். கண்ணாடிக்குள் இருப்பவன் மட்டும் போவதில்லை. இது வாலைத் தூக்கினால் அவனும் தூக்குகிறான், கொத்தினால் அவனும் கொத்துகிறான். பாவம், நாள் முழுக்கச் சண்டை போட்டு ஓய்ந்துபோகிறது. வண்டியை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடியிலும் பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள். எதிரி காணாமல் போய்விடுவான்.

அப்புறம், பெண்ணைக் கவனியுங்கள். பாட்டில் மயங்கி ஆணையே பார்த்துக்கொண்டிருந்தால் கூடு கண்ணில் படாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் குளியலறைச் சுவரில் பழைய குழாய் போன ஓட்டையை அடைக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். அன்று காலை கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது, பெண் குருவி அலகில் வேர்நாரோடு வந்து மதிலில் உட்கார்ந்தது. என்னையே பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் விருட்டென்று ஓட்டைக்குள் நுழைந்துவிட்டது. கொத்தனாரைத் திருப்பி அனுப்பினேன். மூன்று நாலு வாரம் கழித்து அதே ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையைக் கவ்விக்கொண்டு வெளியே பறந்தது. குஞ்சின் எச்சம் அது. சவ்வு சுற்றிய பொட்டலம் மாதிரி இருக்கும், தாயும் தகப்பனும் எடுத்துப் போய்த் தூரத்தில் போட்டுவிடும். உள்ளே குஞ்சு பொரித்திருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கொல்லையில் பட்டுப்போன தென்னையோ முருங்கையோ நின்றால் ஆடி வரை வெட்ட வேண்டாம், பொந்தில் கூடு இருக்கலாம். மரத்தடிச் சருகையும் கூட்டித் தள்ளாதீர்கள், குஞ்சுக்கு இரை அதற்குள்தான். பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். அரிசிக்குப் பதிலாக அத்தை ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கட்டும்.

பாட்டு பிடித்துப்போய் யாராவது கூண்டில் வளர்க்கலாம் என்று கிளம்பினால் தயவுசெய்து விடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சிங்கப்பூரில் பாட்டுக்காகவே பிடித்துப் பிடித்து இந்தக் குருவியை 1980களில் அநேகமாக இல்லாமலே ஆக்கிவிட்டார்கள்.

பெண் எந்தப் பக்கம் நாரைக் கொண்டுபோகிறது என்று பார்த்து எழுதுங்கள்.