உள்ளங்கையில் கொப்புளம், அம்மைதானா?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. ப்ளே ஸ்கூலில் சேர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, இப்போது உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் கொப்புளம், வாயில் புண். அம்மை என்று மாமியார் வேப்பிலை கட்டிவிட்டார். பள்ளியில் சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். எப்போது திரும்ப அனுப்பலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சின்னம்மை பெரும்பாலும் மார்பு, முதுகு, முகத்தில்தான் முதலில் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் மூன்றிலும் சேர்ந்து வந்திருப்பதால் இது கை, கால், வாய் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். காக்சாக்கி போன்ற வைரஸால் வருவது என்பதால் ஆன்டிபயாடிக் கேட்காது, அதனால் போன தடவை மிச்சமான சிரப்பை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். 7 முதல் 10 நாளில் தானாகச் சரியாகிவிடும்.

அதுவரை அவனை எப்படியாவது குடிக்க வைக்க வேண்டும். புளிப்பும் காரமும் புண்ணில் எரியும், ரசமும் ஆரஞ்சு ஜூஸும் வேண்டாம். ஆறிய கஞ்சி, இளநீர், புளிக்காத தயிரில் குழையப் பிசைந்த சாதம் என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, துவண்டு கிடக்கிறான், தூக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் விடவில்லை, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும், குளிப்பாட்டாமல் மட்டும் வைக்காதீர்கள்.

காய்ச்சல் விட்டு, எச்சில் ஒழுகுவது நின்று, கொப்புளம் காய்ந்ததும் அனுப்பலாம், சுமாராக ஒரு வாரம் ஆகும். பள்ளியில் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் பயம் புரிகிறது, ஆனால் இது யாருடைய தப்பும் இல்லை, அங்கிருந்தே கூட அவனுக்கு வந்திருக்கலாம், சொன்னால்தான் விளையாட்டுச் சாமான்களைக் கழுவுவார்கள், மற்ற அம்மாக்களும் கவனிப்பார்கள். இன்னொன்று, குணமான பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் இருக்கும். கால் கழுவிவிடுகிற ஆயாவிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், சானிடைசர் இந்த வைரஸுக்கு அவ்வளவாகப் பலிக்காது. வீட்டில் உங்களுக்கும் அதே விதிதான், பெரியவர்களுக்கும் இது தொற்றும்.

அப்புறம், சில வாரம் கழித்து விரல் நகம் ஒன்றிரண்டு கழன்று வரலாம். சில குழந்தைகளுக்கு அப்படி ஆகும், வலிக்காது, புது நகம் முளைத்துவிடும்.