டாக்டரிடம் கேளுங்கள்: புற்று ஏன் வயிற்றுறைக்குப் போனது?

கேள்வி: என் அண்ணனுக்கு இரைப்பைப் புற்றுநோய். ஈரல், நுரையீரல் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் வயிற்றுறையில் (வயிற்றுக்குள் உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்வில்) பரவி, நீர் கோத்துவிட்டது. டாக்டர் ‘கிமோகைன்’ என்று ஏதோ சொன்னார். அது என்ன? எங்களுக்கும் வருமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, கிமோகைன்கள் நம் செல்களே சுரக்கும் சின்னப் புரதங்கள். வெள்ளை அணுக்களைத் தேவையான இடத்துக்கு வரவழைப்பது அவற்றின் வேலை.

இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி ஒட்டியதும், அங்குள்ள செல்கள் இன்டர்லூகின்-8 என்ற கிமோகைனைச் சுரக்கின்றன. வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. கிருமியோ சளிப் படலத்துக்குள் தப்பித்துக்கொள்கிறது, அடி வாங்குவது இரைப்பைச் சுவர். இப்படியே பல வருடம் போனால் சுரப்பிகள் தேய்கின்றன, சிலருக்குப் புற்றாகிறது. கிருமி உள்ள பெரும்பாலானோருக்குப் புற்று வருவதில்லை, பயப்படாதீர்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்டவர்களுக்கு லேப்பராஸ்கோப் என்ற கேமராக் குழாயை வயிற்றுக்குள் விட்டால், வயிற்றுறையில் ஜவ்வரிசி இறைத்தாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் மனம் கனத்துப்போகும். புற்றுச் செல்கள் அங்கே தங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வயிற்றுறைச் செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கிமோகைனைச் சுரக்கின்றன. அதைப் பிடித்துக்கொள்ளும் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி சில புற்றுச் செல்களின் மேல் இருக்கிறது. அதனால் அவை அங்கே ஈர்க்கப்படுகின்றன. 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். அந்த ஏற்பியை அடைக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டியும் நீரும் குறைந்தன. அதே மருந்துதான் பிளெரிக்ஸாஃபர். இன்று ஸ்டெம் செல் சேகரிக்கப் பயன்படுகிறது. இரைப்பைப் புற்றுக்கு அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. அதைத் தேடி அலைய வேண்டாம். அதற்குப் பதில், அண்ணனின் பயாப்ஸியில் (எடுத்த சதைத் துணுக்கில்) ஹெர்2, பிடி-எல்1, எம்எஸ்ஐ, கிளாடின் 18.2 என்ற புற்றின் அடையாளங்களைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இவற்றுக்கேற்ற மருந்துகள் இப்போதே கையில் இருக்கின்றன.

அப்புறம், நீங்களும் கூடப்பிறந்தவர்களும் பைலோரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். வயிற்றெரிச்சலுக்கு பான்டோபிரசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு 2 வாரம் நிறுத்திய பிறகு போக வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விடாதீர்கள். முடித்து குறைந்தது 4 வாரம் கழித்து, போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் 2 பேருக்கோ அதற்கு மேலோ இரைப்பைப் புற்று வந்திருந்தால் எண்டோஸ்கோபியும் மரபணு ஆலோசனையும் தேவைப்படலாம்.